தாவோ: நூலும் ஆலயமும்

சீன நாட்டின் பழஞ்சமயங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் தாவோ சமயம் பெரும்பாலும் இரண்டாகப் பிளக்கப்பட்டே காணப்படுகிறது. ஒருபுறம் லாவோட்சு என்னும் ஞானியின் சிறுநூல். அதன் கருத்துகள் நம் பிரசங்க மேடையிலும் அவ்வப்போது ஏறுவதுண்டு. மறுபுறம் தாயத்து, பேயோட்டல், சாவாமைக்கான மருந்து, எண்ணிறந்த தெய்வங்கள், அத்தெய்வங்களுக்குப் பணி செய்யும் குருமார். முன்னதைத் தத்துவம் என்று போற்றுகிறோம்; பின்னதை மூடநம்பிக்கை என்று ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். இப்பிளவு எத்துணை உண்மையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சீனத் திருமறையின் யோவான் நற்செய்தியை விளங்கிக்கொள்வதற்கும் இவ்வாராய்ச்சி தேவைப்படுகிறது.

‘தாவோ’ என்னும் சொல்லுக்கு வழி என்பது முதற்பொருள். நெறி என்றும் கூறலாம். சொல்லுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. பண்டைச் சீனத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் போதனையைத் தாவோ என்றே அழைத்தது. கன்பூசியசும் தாவோவைப் பற்றிப் பேசியவரே. ஆனால் ‘தாவோ தே சிங்’ என்னும் நூலில் இச்சொல் வானுக்கும் மண்ணுக்கும் முற்பட்டதாய், பெயரிட இயலாததாய், அனைத்தையும் ஈன்று வளர்த்தும் உரிமை கொண்டாடாததாய் உள்ள மூலத்தைக் குறிக்கிறது. அதன் இயல்பை உணர்த்த அந்நூல் நீரையும், பள்ளத்தாக்கையும், பச்சிளங் குழந்தையையும், செதுக்கப்படாத மரத்தையும் காட்டுகிறது. வழியைப் பற்றிய பேச்சு அடிக்கடி நீரைப் பற்றிய பேச்சாக மாறுவதைக் காணும் நமக்கு, ‘ஆறு’ என்னும் பழந்தமிழ்ச் சொல் இவ்விரண்டையும் குறிப்பது நினைவுக்கு வரலாம். ‘ஊ-வேய்’ எனப்படும் செயலாமை சோம்பலன்று. பொருள்களின் இயல்பான போக்கை வலிந்து முறிக்காமல் செயற்படுவதே அது. போரிடும் நாடுகளின் காலம் எனப்படும் கி.மு. 475–221 ஆண்டுகளில், வரியும் படையெடுப்பும் மக்களை நசுக்கிய சூழலில், இப்போதனை முதன்மையாக ஆள்வோரை நோக்கிக் கூறப்பட்டது என்பதை மறத்தலாகாது. காட்டுக்குச் சென்றவரின் பாடலாக மட்டும் அதனைப் படிப்பது குறையான வாசிப்பே.

நூலாசிரியர் யார்? கி.மு. 100ஆம் ஆண்டளவில் வரலாறு எழுதிய சுமா சியன், லாவோட்சு சூ அரசின் ஆவணக் காப்பாளராய் இருந்தார் என்றும், மேற்கு நோக்கிச் செல்கையில் கணவாய்க் காவலரின் வேண்டுகோளுக்கிணங்கி ஐயாயிரம் எழுத்துகளில் நூலை எழுதிக் கொடுத்து மறைந்தார் என்றும் கூறுகிறார். எனினும் அவரே வேறு இருவர் பெயரையும் குறிப்பிட்டு ஐயத்தோடு நிறுத்துகிறார். 1973இல் மாவாங்துய் கல்லறையிலிருந்து இரண்டு பட்டுப் பிரதிகள் வெளிவந்தன. கி.மு. 168இல் மூடப்பட்ட அக்கல்லறையின் பிரதிகளில் நூலின் பிற்பகுதி முதலிலும் முற்பகுதி அடுத்தும் அமைந்துள்ளன. 1993இல் குவோதியனில் கிடைத்த மூங்கிற் சுவடிகள் ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்தவை, அவற்றில் இன்றைய நூலின் ஐந்தில் இரு பங்களவே, வேறு வரிசையில், உள்ளது. பல வாய்மொழிகள் காலப்போக்கில் திரண்டு ஒரு நூலாயின என்னும் முடிவுக்கு அறிஞர் பெரும்பாலோர் வந்துள்ளனர். நற்செய்திகளின் மூலங்களை ஆராய்ந்து பழகிய நம் மாணவருக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

இதனை அடுத்த பெருநூல் சுவாங்ட்சுவின் பெயரால் வழங்குவது. நகைச்சுவையும் கதையும் நிறைந்த அந்நூல், தானியம் உண்ணாது காற்றையும் பனியையும் பருகி மலையில் வாழும் தெய்வ மனிதரைப் பற்றியும் பேசுகிறது. சாவாமை பற்றிய நாட்டம் பிற்காலத்தார் புகுத்திய களையன்று. தொடக்க நூல்களிலேயே அதன் வேர் இருந்தது.

கி.பி. 142இல் சிச்சுவான் பகுதியின் ஹமிங் மலையில், தெய்வமாக உயர்த்தப்பட்ட லாவோட்சு சாங் தாவோலிங் என்பவருக்குத் தோன்றிப் புதியதோர் உடன்படிக்கை அளித்தார் என்று மரபு கூறுகிறது. இவ்வாறு எழுந்ததே வானக ஆசிரியர் நெறி. ஒவ்வொரு குடும்பமும் ஐந்து அளவை அரிசி செலுத்தியமையால் ‘ஐந்தளவை அரிசி நெறி’ என்றும் பெயர் பெற்றது. சமூகம் 24 வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ‘பானபலி ஊற்றுவோர்’ எனப் பொருள்படும் பெயருடைய மூப்பர் அவற்றை நடத்தினர். பெண்களும் அப்பணியில் இருந்தனர். நோய் பாவத்தின் விளைவு எனக் கருதப்பட்டது. நோயுற்றோர் அமைதியான அறையில் தங்கித் தம் குற்றங்களை எண்ணி அறிக்கையிட்டனர். அவ்வறிக்கை மூன்று படிகளாக எழுதப்பட்டு, ஒன்று மலைமேல் வைக்கப்பட்டது, ஒன்று மண்ணில் புதைக்கப்பட்டது, ஒன்று நீரில் ஆழ்த்தப்பட்டது. வானம், மண், நீர் ஆகிய மூன்றன் அதிகாரிகளுக்கும் விண்ணப்பம் சென்று சேரும் என்பது நம்பிக்கை. சிறு குற்றம் செய்தவர் சாலை செப்பனிட்டுப் பரிகாரம் தேடலாம். இரத்தப் பலியை இந்நெறி விலக்கிற்று. வழிச்செல்வோருக்காக அரிசியும் இறைச்சியும் வைத்த சத்திரங்கள் இருந்தன. தேவைக்கு மேல் எடுப்பவரை நோய் தண்டிக்கும் என்றனர். தாவோலிங்கின் பேரர் சாங் லூ ஹன்சோங் பகுதியை இம்முறையில் ஆண்டு, 215இல் சாவ் சாவிடம் பணிந்தார்.

இச்சமூகத்தார் அன்றாடம் ஓதியது எந்நூலை? லாவோட்சுவின் அதே ஐயாயிரம் எழுத்துகளையே. ஆலயமும் நூலும் வெவ்வேறு என்பாருக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

பின்னைய வரலாற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். தாங் அரச குலத்தார் (618–907) லாவோட்சுவைத் தம் மூதாதையெனக் கொண்டாடினர். சாவாமை மருந்து தேடிய இரசவாதிகளின் அடுப்பிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டில் வெடிமருந்துக் கலவை பிறந்தது. உயிரை நீட்டிக்கத் தேடியவர் கண்டது உயிரை மாய்ப்பதாயிற்று. மருத்துவத்தில் சுன் சுமியாவ், கவிதையில் லீ பாய், வெண்பரப்பை வெறுமையாக விடும் இயற்கைக் காட்சி ஓவியம், சான் பௌத்தம் ஆகியவற்றிலெல்லாம் தாவோவின் தடம் உண்டு.

பிளவு எவ்வாறு ஆழமாயிற்று? இதில் நம் சீர்திருத்தச் சபை அறிஞருக்குப் பெரும் பங்குண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தின் அருட்பணியாளராய் இருந்து 1876இல் ஆக்ஸ்போர்டில் சீன மொழியின் முதற் பேராசிரியரான ஜேம்ஸ் லெக், 1891இல் வெளியான தம் மொழிபெயர்ப்பால் லாவோட்சுவுக்கு அரும்பணி செய்தார். ஆயினும் அவர் போன்றோர், தூய நூல் முதலில், குருமாரின் சீர்கேடு பின்னர் என்னும் அளவுகோலையும் உடன் கொணர்ந்தனர். உரோமைச் சபைக்கெதிராக நம் முன்னோர் கையாண்ட அளவுகோல் அது. சீனக் கற்றோரும் ஆலயக் குருமாரை இகழ்ந்தமையால் இக்கருத்து எளிதில் வேரூன்றியது. 1445இல் அச்சேறிய தாவோ திருநூல் தொகுதி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சுருள்களைக் கொண்டது. 1923–26இல் ஷாங்காயில் மறுபதிப்பான பின்னரே அது அறிஞர் கைக்குப் பரவலாக எட்டியது. மெனோனைட் போதகர் ஒருவரின் மகனான கிறிஸ்டோபர் ஸ்கிப்பர் தைவானில் தாவோ குருவாகவே 1968இல் அபிஷேகம் பெற்று அச்சடங்குகளை உள்ளிருந்து கற்றார். அவர் தந்தையின் திருச்சபை இதனை எவ்வாறு நோக்கியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை!

இனி யோவான் நற்செய்திக்கு வருவோம். 635இல் சீனம் சேர்ந்த சீரியத் திருச்சபையாரே தம் போதனையைத் தாவோ என்றழைத்தனர். 781இல் நாட்டப்பட்ட சியான் கல்வெட்டு, லாவோட்சு மேற்கே சென்றதையும் குறிப்பாகச் சுட்டுகிறது. முதல் அதிகாரத்தின் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மாரிசன் ‘யான்’, அதாவது சொல், என எழுதினார். 1852இன் பிரதிநிதிகள் மொழிபெயர்ப்பும் 1919இன் ஐக்கிய மொழிபெயர்ப்பும் ‘தாவோ’ என்றே எழுதின. வழி, சொல், மூலம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்தில் அமைவது நம் ‘வார்த்தை’க்கோ ‘வாக்கு’க்கோ வாய்க்காத பேறு.

ஆனால் பதினான்காம் வசனத்தில் அத்தாவோ மாம்சமாகிறது. லாவோட்சு தத்துவவாதி மட்டுமே எனக் கொள்வோர், உருவற்ற தத்துவத்துக்குக் கிறிஸ்தவம் முதன்முறையாக உடல் தந்தது என்பர். துன்ஹுவாங்கில் கிடைத்த ‘சியாங்-எர்’ என்னும் பழைய உரை வேறு கூறுகிறது: ஒன்றாகிய தாவோ சிதறுகையில் உயிர்மூச்சாகும், திரண்டு உருக்கொள்கையில் லாவோட்சு பெருமானாகும். ஆகவே சீன வாசகருட் சிலருக்கேனும் தாவோ உருக்கொள்வது கேளாத செய்தியன்று. திரளுதலும் சிதறுதலும் ஆகிய சுழற்சியில் தோன்றும் தெய்வ உருவுக்கும், ஒருமுறை பிறந்து பொந்தியு பிலாத்துவின் கீழ்ப் பாடுபட்டவருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அங்குள்ள போதகர் விளக்க வேண்டியிருக்கிறது; தத்துவத்தை மட்டும் கற்றவருக்கு அவ்வினா எழுவதேயில்லை.

1968இன் கத்தோலிக்கத் திருமறை ‘தாவோ’வை விடுத்துத் ‘தூய சொல்’ என்று எழுதிற்று. ஐக்கிய மொழிபெயர்ப்பிலோ, பதினான்காம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மை வழியென்று கூறுமிடத்தில், ‘தாவோ’ தனித்து நில்லாமல் ‘தாவோ-லூ’ என, நடந்து செல்லும் சாலையைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகவே வருகிறது.