பறை முழங்கினால் கால் ஆடுவது ஏன்? எப்படி?

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் பறை முழங்கியதும் கால்கள் தாமாக ஆடத் தொடங்குகின்றன. சீரான இடைவெளியில் விழும் அடிகளைக் கேட்கும் மூளை, அடுத்த அடி விழும் நேரத்தை முன்கூட்டியே கணிக்கிறது. அசையாமல் கேட்கும்போதும் அதன் இயக்கப் பகுதிகள் தூண்டப்படுகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் என்பது நடையின் வேகத்தை ஒத்திருப்பதால் ஆடுவதற்கு ஏற்றது.

பறையில் குட்டையான அடிக்குச்சி கனத்த ஒலியால் தாளத்துக்கு அடித்தளம் இடுகிறது. நீண்டு மெலிந்த குச்சி இடைவெளிகளை நிரப்புகிறது. எதிர்பார்த்த இடத்தில் விழாமல் சில அடிகள் சற்றுத் தள்ளி விழும்போது, அந்த வெற்றிடத்தை உடல் அசைந்து நிரப்புகிறது. இவ்விலகல் மிகுந்தால் தாளம் பிடிபடாது; அறவே இல்லையெனில் சலிப்பூட்டும். பறையைத் தீயில் காய்ச்சும்போது அதன் தோலின் ஈரம் நீங்கி விறைப்பு கூடுவதால், ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கிறது. அடித்தளம் நிலையாக இருக்கும்வரையே ஆட்டம் நிலைக்கும்.