செயின் இன்ஜின் என்றால் கவலையே இல்லையா?

பழைய எஸ்.யூ.வி. விற்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "செயின் இன்ஜின் சார், அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம்." வாங்குபவருக்கும் நிம்மதி. ரப்பர் பெல்ட் அறுந்துபோகும், இரும்புச் செயின் காலத்துக்கும் உழைக்கும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் அந்த நம்பிக்கையோடு 1997-க்குப் பிந்தைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரை வாங்கிய அமெரிக்கர்கள் பலர் பெரும் செலவில் மாட்டிக்கொண்டார்கள்.

பெல்ட்டுக்கும் செயினுக்கும் வேலை ஒன்றுதான். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும். பல இன்ஜின்களில் இந்த இணைப்பு அறுந்தால், திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் 1960-களின் தொடக்கத்தில் பல் வைத்த பெல்ட்டோடு வந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயிலும் தேவையில்லை. கண்ணாடி இழை கோத்த ரப்பர்தான் என்றாலும் அதற்கு ஆயுள் கணக்கு உண்டு. 1996 முதல் 2002 வரை வந்த டொயோட்டா 4ரன்னரின் 3.4 லிட்டர் வி6 இன்ஜினுக்கு அமெரிக்காவில் 90,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,45,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாத அமைப்பு அது. டொயோட்டாவின் பழைய லேண்ட் குரூசர் டீசல் வண்டிகளில் பெல்ட் மாற்றும் நேரம் வந்ததும் மீட்டரில் தனி விளக்கே எரியும். நம் ஊர் டாக்ஸி ஓட்டுநர்களுக்குப் பழகிய குவாலிஸின் 2.4 லிட்டர் டீசலும் பெல்ட் இன்ஜின்தான்.

இனி அந்த எக்ஸ்ப்ளோரர். அதன் 4.0 லிட்டர் வி6 ஜெர்மனியின் கொலோன் நகரில் தயாரானது. புஷ்ராட் வைத்த பழைய இன்ஜினை மாற்றியமைத்து, கேம் ஷாஃப்டை ஹெட்டுக்கு மேலே ஏற்றினார்கள். கேம் ஷாஃப்ட் முன்பு இருந்த இடத்தில் ஒரு ஜாக் ஷாஃப்ட். கிராங்கிலிருந்து அதற்கு ஒரு செயின், அதிலிருந்து ஒரு பக்க ஹெட்டுக்கு முன்புறமாக ஒரு செயின், மறுபக்க ஹெட்டுக்கு இன்ஜினின் பின்புறமாக இன்னொரு செயின். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென நான்காவதும் உண்டு.

இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள்தான் உடைந்தன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம். கவனிக்காமல் விட்டால் செயின் பல் தாண்டி டைமிங்கே போய்விடும். பின்புறச் செயினைத் தொட இன்ஜினையோ கியர் பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். கைடின் விலை பெரிதல்ல, கூலிதான் ஆளை விழுங்கும். வண்டியின் ஆயுளுக்கும் வரும் என்று நினைக்கிற பாகத்தை எட்டாத இடத்தில் வைத்தது மோசமான வடிவமைப்பு.

செயின் நீளுகிறது என்கிறோமே, அது இரும்பு இழுபட்டு நீள்வதல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்கிறது; நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தேய்மானங்கள் சேர்ந்து செயின் தளர்கிறது. பெரும்பாலும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆகவே ஆயில் மாற்றத் தவறுபவரிடம் செயின் நிலைக்காது. ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 செயின்கள் சீக்கிரம் தேய்ந்தபோது, ஆயிலை முன்கூட்டியே மாற்றச் சொல்லும்படி வண்டியின் கணினியையே அந்நிறுவனம் திருத்தியது. அதேசமயம் 2003 முதல் 4ரன்னரில் வந்த 4.0 லிட்டர் வி6 போல, நல்ல ஆயிலோடு சத்தமில்லாமல் நெடுங்காலம் ஓடும் செயின் இன்ஜின்களும் உண்டு.

பெல்ட் வண்டி வாங்குகிறவர் கடைசியாக மாற்றியதற்கான பில்லைக் கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கலாம். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பர் ஆண்டுக்கணக்கில் கெடும். பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப் ஓடுகிற இன்ஜினில் இரண்டையும் சேர்த்தே மாற்றினால் இரட்டைக் கூலி மிச்சம். செயின் வண்டியை இரவு முழுக்க ஆறிய இன்ஜினோடுதான் சோதிக்க வேண்டும். வாங்க வருவதற்கு முன்பே விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை மறுபடி போய் ஸ்டார்ட் சத்தத்தைக் கேட்பது நல்லது.