பதினேழு வயதில் பிள்ளைத்தாய்ச்சி... வீடு முதலில் என்ன செய்ய வேண்டும்?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அப்பா கடலுக்கு, அம்மா ஏலத்துக்கு. வீட்டில் ஆயாவும், பள்ளிக்கூடம் கிளம்பும் பேத்தியும். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை இப்படிப் பொழுது விடிகிற வீடுகள் நிறைய. அப்படியொரு வீட்டில் பேத்திக்கு நாள் தள்ளிப் போயிருப்பது முதலில் ஆயாவின் கண்ணில்தான் படும். பிறகு அழுகை, அடி, பூட்டிய கதவு. இல்லையென்றால் அவசர அவசரமாக ஒரு தாலி. ஆஸ்பத்திரி நினைப்பு மட்டும் கடைசியில்தான் வருகிறது. காரணம், 'போனால் போலீஸ் வரும்' என்ற பயம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 2015-16-ல் 5 சதவிகிதம், 2019-21-ல் 6.3 சதவிகிதம். இந்திய அளவில் இதே காலத்தில் இந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சட்டப்படி 18 வயதில் மணமானவர்களும் இதில் அடக்கம்தான். ஆனாலும் நாம் பெருமைப்படக்கூடிய கணக்கு இல்லை இது.

போலீஸ் பயம் வீண் பயமும் அல்ல. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவரின் சம்மதம் செல்லாது. தகவல் தெரிந்த மருத்துவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். தாலி கட்டிவிட்டதாலும் இது மாறாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காதல் விவகாரத்தில் 19 வயதுப் பையன் சிறைக்குப் போவதும், வயிற்றுப் பிள்ளையோடு பெண் கோர்ட்டுக்கு அலைவதும் இதனால்தான். மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே குற்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு தண்டனை விதிக்காமல் விட்டது. நடந்ததைவிட, அதன்பிறகு வந்த போலீஸும் கோர்ட்டும்தான் அந்தப் பெண்ணை அதிகம் வதைத்தன என்று நீதிமன்றம் அமைத்த குழு கண்டிருந்தது.

அதற்காக மறைப்பது சரியாகிவிடாது. எல்லாமே காதல் கதையும் இல்லை. உறவுக்காரரோ, வயதில் மிகப் பெரியவரோ மிரட்டியிருக்கலாம். அதனால் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அடிக்காமல், பொறுமையாகக் கேட்க வேண்டும். 'யாரு, என்ன' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'உனக்குப் பயமா இருக்கா?' என்பதுதான்.

போலீஸ் வந்தாலும் எப்படி வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாக்குமூலத்தைச் சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். இரவில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சிகிச்சை தருவதற்கு முன்நிபந்தனையாக எந்த மருத்துவமனையும் போலீஸ் கடிதம் கேட்கக் கூடாது. வழக்கு முழுவதும் கூடவே வர ஒரு துணைநபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். அவசரச் செலவுக்குப் பணம் தரவும் பரிந்துரைக்கலாம். வழி தெரியாவிட்டால் 1098-க்குப் பேசலாம்.

கருவைத் தொடர விருப்பம் இல்லையென்றால், நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பது 2022-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மருந்துக்கடை மாத்திரையும் நாட்டு வைத்தியமும் வேண்டவே வேண்டாம்.

பெற்றுக்கொள்வது என்று முடிவானால், ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. ஸ்டான்லியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்கிற பெரியவர்களுக்கு அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல் நன்றாகவே தெரியும். வயதை மட்டும் 19 என்று மாற்றிச் சொல்லாதீர்கள். சின்ன வயதில் ரத்தச்சோகை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, எடை குறைந்த குழந்தை என ஆபத்துகள் அதிகம். மருத்துவர் எதைக் கவனிப்பது என்பதே வயதைப் பொறுத்ததுதான். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பலன் குறையும். நெத்திலி குழம்பு தாராளமாகக் கொடுங்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் கருவாட்டைக் குறையுங்கள். தலை விண்ணென்று வலித்து, கண் மங்கி, முகம் வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு முரண். தமிழக அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. பெண்ணின் திருமண வயதை உயர்த்தப் போராடியவர் அவர். 19 வயது நிறைந்தவர்களுக்குத்தான் அந்தப் பணம். இளவயதுத் திருமணத்துக்குக் காசு கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால், ரத்தம் குறைந்து நிற்கிற 17 வயதுப் பெண்ணுக்கு அந்த ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைக்காமல் போகிறதே! அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. அதையாவது கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

குழந்தையை வளர்க்க முடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. தெரிந்தவர் மூலம் 'யாருக்காவது' கொடுப்பது குற்றம்.

அடுத்தது படிப்பு. நம்மைப் போலவே துறைமுகத்தை நம்பி வாழும் ஊர், ஜமைக்காவின் கிங்ஸ்டன். பள்ளி வயதில் தாயாகும் பெண்கள் படிப்பைத் தொடர, 1978-ல் அந்த நாட்டில் தனி மையம் தொடங்கினார்கள். பிரசவமானதும் அவர்கள் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். நம் ஊரில் வகுப்புக்குத் திரும்பத் தயங்கும் பெண் தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ எழுதலாம். புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது, இதே வட சென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அதற்குமுன் அந்தப் பணம் போனது கல்யாண உதவிக்கு.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் இன்னொரு பேச்சும் பாக்கி. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 வருடமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டியா, ஊசியா என்று நர்ஸம்மாவிடம் அவளே கேட்கட்டும். மாமியாரும் அம்மாவும் சற்று வெளியே நிற்கலாம். பரீட்சை நாளில் குழந்தையை வைத்துக்கொள்ளத்தான் ஆயா இருக்கிறாரே.