வால் வந்தால்தான் தலை தெரியும்

நெய்வேலிப் பக்கம் ஒரு சுரங்கத்தை விரிவாக்க வேண்டுமென்றால், மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் காகிதத்தைக் காட்டியாக வேண்டும். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. நிலத்தடி நீர் அட்டவணை, காற்று அளவீடு, சுரங்க வரைபடம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் இத்தகைய அறிக்கைகள் இப்போது பி.டி.எஃப். கோப்பாகத்தான் கைக்கு வருகின்றன. நகரியத்தை ஒட்டிய வடக்குத்தில் ஒருவர் அப்படியொரு கோப்பைக் கைபேசியில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் திரை வருகிறது, வட்டம் சுற்றுகிறது, கடைசியில் ஆவணத்தைத் திறக்க முடியவில்லை என்ற ஒரு வரி. நெட் சரியில்லை, போன் பழசு என்று அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். பெரும்பாலும் அது தவறு. கோளாறு, கோப்பைத் தயாரித்து ஏற்றிய இடத்தில் இருக்கிறது.

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இந்த வடிவம், எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் கலையாது என்பதற்காகவே பெயர் பெற்றது. அதன் வினோதமான குணம் வேறொன்று: அதைப் படிக்கும் நிரல் கடைசியிலிருந்துதான் தொடங்கும். கோப்பின் வாலில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் வழக்கமான வடிவில் ஒவ்வொரு வரியும் சரியாக 20 பைட். வரியின் முதல் பத்து இலக்கங்கள், குறிப்பிட்ட எழுத்துருவோ படமோ பக்கமோ கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் கிடக்கிறது என்று சொல்லும். அழகான ஏற்பாடு. 300ஆம் பக்கத்துக்குப் போக முந்தைய 299 பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை. திருத்தம் வந்தால் பழையதைத் தொடாமல் வாலில் ஒட்டிவிடலாம். வன்தட்டில் இருக்கும் கோப்புக்கு இது வரம். இணையத்தில் இதுவே இடைஞ்சலாகிறது. வால் வந்து சேரும்வரை முதல் பக்கம் எங்கே என்றுகூட உலாவிக்குத் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இறங்கியபின் இணைப்பு அறுந்தால், போனது அந்த அட்டவணைதான். உடைந்த கோப்பைத் துழாவி அட்டவணையைத் தானே கட்டியெழுப்ப உலாவி முயலும், எப்போதும் முடிவதில்லை. இதற்கு மருந்து 1990களிலேயே வந்துவிட்டது. முதல் பக்கத்துக்கு வேண்டிய விவரங்களைக் கோப்பின் முன்னால் கொண்டுவந்து வைக்கலாம். கேட்ட துண்டை மட்டும் அனுப்பும்படி சர்வரை அமைக்கலாம். இரண்டுமே கோப்பை ஏற்றுபவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது நினைவகம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். சுருக்கிச் சேமிக்கும்போது அது அரை எம்.பி.யில்கூட அடங்கும். திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது, புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 35 எம்.பி. ஆகிறது. டப்பாவில் ஒரு பிடியாக இருக்கும் வடாம் எண்ணெயில் விழுந்ததும் வாணலியை அடைத்துக்கொள்வதைப் போலத்தான். சுரங்க வரைபடம் ஏ0 அளவில் இருந்தால் இதைப்போல் 16 மடங்கு: ஒரே பக்கத்துக்கு 550 எம்.பி.க்கு மேல். சாதாரணக் கைபேசி அந்தத் தத்தலை மூடிவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆக, கோப்பு 40 எம்.பி.தானே என்ற சமாதானம் செல்லாது.

கையொப்பமும் முத்திரையும் தெரிய வேண்டாமா, அதற்குத்தானே ஸ்கேன் என்பார்கள். வேண்டும்தான். அந்த ஒரு தாளை ஸ்கேன் செய்தால் போதும். டிஜிட்டல் கையொப்பத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. தமிழ் எழுத்துரு உடைந்துவிடும் என்பது ஒரு காலத்தில் நியாயமான பயம். யூனிகோடை 2010இல் தமிழக அரசே ஏற்றபின் அதற்கு இடமில்லை. எழுத்தாகவே இருக்கும் பக்கம் மிகச் சிறியது, நொடியில் திறக்கும், அதைவிட முக்கியமாகத் தேட முடியும். 600 பக்க அறிக்கையில் தன் ஊர்ப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு ஸ்கேன் செய்த படம் ஊமை. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அப்படியே. கலெக்டர் அலுவலகத்தில் அச்சுப்பிரதி இருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கட்டும் என்ற பதில்தான் எனக்கு மிகவும் ஒவ்வாதது. கடலூர் போய்வர ஒரு நாள் கூலி போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(3) பிரிவு, தகவலை மக்கள் எளிதில் அணுகும் வடிவில் பரப்பச் சொல்கிறது. திறக்காத கோப்பை எந்தக் கணக்கில் அணுகும் வடிவம் என்பது?

கோப்பை ஏற்றுபவர்கள் இதைச் சரிசெய்யும்வரை வாசகர் செய்யக்கூடியவையும் உண்டு. உலாவிக்குள்ளேயே திறந்து மல்லுக்கட்டாமல் முழுதாக இறக்கிக்கொண்டு, தனிச் செயலியில் திறக்கலாம். குரோமும் பயர்பாக்ஸும் பி.டி.எஃப். காட்டப் பயன்படுத்தும் நிரல்கள் வேறுவேறு. ஒன்றில் முரண்டு பிடிப்பது மற்றொன்றில் திறக்கலாம். இறங்கிய கோப்பு சில கே.பி. மட்டுமே இருந்தால், அது அறிக்கையே அல்ல, பி.டி.எஃப். பெயரில் வந்த பிழைச்செய்தியாக இருக்கும். நோட்பேடில் திறந்தால் தெரிந்துவிடும்: உண்மையான கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் பி.டி.எஃப். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். எதுவும் பலிக்காவிட்டால், அத்தியாயம் வாரியாகவும் வரைபடங்களைத் தனியாகவும் பிரித்து ஏற்றும்படி, கருத்துக்கேட்பை நடத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கேட்கலாம். கியூ.பி.டி.எஃப். என்ற இலவச நிரல் கோப்பைப் பிரித்தும் தரும், முதல் பக்கம் முதலில் வரும்படி அடுக்கியும் தரும். சில நிமிட வேலை. அந்த 30 நாளில் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.