பெட்டியில் வரும் குஞ்சுகளுக்குச் சிறுவிடையே தாய்

பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் வரவழைத்துப் புறக்கடையில் வளர்ப்போர், முதல் வாரத்திலேயே பாதியை இழப்பதுண்டு. பொரிக்குமுன் எஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், இரண்டு நாள் பயணத்தைத் தீனியின்றித் தாங்கும். குளிரைத்தான் தாங்காது.

எனவே பெட்டி வருமுன்பே உமி பரப்பி, செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் அட்டை வளைத்து, விளக்கேற்றிச் சூடாக்கி வைத்தல் வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பின் வாரம் 5 டிகிரி குறைக்கலாம். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. வெளிச்சம் உண்டு, சூடு போதாது. பழைய குண்டு பல்பே ஏற்றது. குஞ்சுகள் விளக்கடியில் மொய்த்தால் சூடு போதவில்லை. ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் அதிகம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அரியாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இரவில் மின்சாரம் நின்றால் என் செய்வது? சிறுவிடை இருக்கிறதே! உருவில் சிறிய இந்த நாட்டுக்கோழி அடைகாப்பதில் கெட்டி. இரண்டு வாரமாவது அடையிலிருந்த கோழியைத் தேர்ந்து, நன்கு இருட்டியபின் முட்டைகளை அகற்றி, எட்டுப் பத்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கைக்கடியில் விட வேண்டும். பகலில் விட்டால் கொத்திவிடும். விடிந்ததும் ஏற்றுக்கொண்டதா என்று பார்ப்பது அவசியம்.

ஏழாம் நாள், ராணிக்கெட் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணிக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு மேல் வரும். பத்துக் குஞ்சுக்காக வாங்கத் தயங்கிப் பலர் விட்டுவிடுகின்றனர். தெருவில் நாலைந்து வீட்டார் ஒரே நாளில் சேர்ந்து போட்டால் செலவு சொற்பமே. எட்டாம் வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி. அதற்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.