பாட்டுக்கு உரிமம் கேட்ட காலம்

2002 செப்டம்பரில் வெளிவந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0, எம்பி3 பாட்டு ஓடாத இயங்குதளம். முந்தைய பதிப்பில் ஓடிய அதே பாட்டை எக்ஸ்எம்எம்எஸ் பிளேயரில் திறந்தால், காப்புரிமை காரணமாக இந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது என்ற அறிவிப்புதான் வந்து நிற்கும். பாட்டை ஓட்டும் நிரலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எம்பி3 முறையின் காப்புரிமையை வைத்திருந்தவர்கள் உரிமக் கட்டணம் கேட்டார்கள். எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கொடுக்கிற மென்பொருளுக்கு, பிரதிக் கணக்கில் யார் கட்டணம் கட்டுவது?

அதனால் அன்று, ரெட் ஹேட் லினக்ஸின் வாரிசாக வந்த ஃபெடோராவை நிறுவியதும், ஆர்வலர்கள் தனியே நடத்திய லிவ்னா போன்ற களஞ்சியத்தைச் சேர்த்து, டெர்மினலில் கட்டளை அடித்து, பாட்டையும் வீடியோவையும் ஓட்டத் தேவையான கோடெக்குகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். சில வீடியோக்களுக்கு அதுவும் போதாது. விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளையே கொண்டுவந்து எம்பிளேயருக்குக் கொடுக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு பாட்டு ஓடும்போது, வேறொரு நிரல் ஒலி அட்டைக்காகக் காத்துக் கிடப்பதும் உண்டு.

இன்று ஃபெடோராவை நிறுவியதும் எம்பி3 ஓடுகிறது. 2016 நவம்பரில் வந்த 25ஆம் பதிப்பிலேயே இந்த வசதி திரும்பிவிட்டது. 2017 ஏப்ரலில் எம்பி3 உரிமத் திட்டமே முடித்துவைக்கப்பட்டது. 2021இல் வந்த 34ஆம் பதிப்பு முதல் பைப்வயர் எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து தருகிறது. எச்264 வீடியோவுக்கு சிஸ்கோ தானே கட்டணம் செலுத்தி ஒரு கோடெக்கை இலவசமாக வழங்குகிறது. அன்று ஒரு மாலைப் பொழுதைத் தின்ற வேலை, இன்று ஒரு சொடுக்கு.

இதற்கிடையே கைநழுவியவையும் உண்டு. .ஏவிஐ என்பது வெறும் உறை, உள்ளே இருக்கும் கோடெக் வேறு என்பதை அன்றைய பயனர் பட்டுத் தெரிந்துகொண்டார். இன்று அதைத் தெரிந்துகொள்ளும் தேவை பலருக்கு வருவதில்லை. எம்பி3-க்கு மாற்றாக உருவாகி, அதே 2002இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட ஆக் வோர்பிஸ் வடிவில், கொள்கைக்காகவே தம் இசைத்தட்டுகளைச் சேமித்தவர்கள் இருந்தார்கள். எம்பி3 கட்டு அவிழ்ந்தபின் அந்தப் பிடிவாதத்துக்கு வேலை குறைந்துவிட்டது.

கட்டு முழுதும் அவிழ்ந்துவிடவும் இல்லை. 2022இல் ஃபெடோரா, எச்264, எச்265 வீடியோக்களை கிராபிக்ஸ் அட்டையின் துணையோடு ஓட்டும் வசதியை அதே காப்புரிமை அச்சத்தால் நீக்கியது. பயனர்கள் மறுபடியும் வெளிக் களஞ்சியத்தைத் தேடிப் போனார்கள்; லிவ்னாவும் வேறு சிலவும் 2008இல் இணைந்து உருவான ஆர்பிஎம் ஃபியூஷன் அது. எம்பி3-க்கு விடுதலை தந்தது வழக்கோ போராட்டமோ அல்ல, காப்புரிமையின் ஆயுள் தீர்ந்ததுதான். 2018இல் வெளிவந்த ஏவி1 வீடியோ வடிவம் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் பார்க்கிறது: கூகுள், மொசில்லா, நெட்பிளிக்ஸ் முதலியவை சேர்ந்து, கட்டணம் கேட்பதில்லை என்ற உறுதியோடுதான் அதை உருவாக்கத் தொடங்கின.