கடலைமிட்டாய் பாக்கெட்டில் 13 இலக்கம்

"தம்பி, இந்தக் கோடு கோடா இருக்கிற நம்பர எங்க வாங்கணும்? ஒருத்தன் ஐநூறு ரூபாய்க்குத் தாரேங்கான்" என்று மதினி போனில் கேட்டார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு சின்னக் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு சூப்பர்மார்க்கெட்காரர் சரக்கு எடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் பாக்கெட்டில் பார்கோடு இருக்கணுமாம். நான் சாஃப்ட்வேர்காரன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. பில்லிங் மென்பொருளில் வேலை பார்த்த வகையில் கொஞ்சம் தெரியும். மீதியைத் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், சட்டம் பார்கோடு கேட்கிறதா? கேட்கவில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகள் கேட்பது தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி., மாதம், வருடம், புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் போன்றவற்றைத்தான். தின்பண்டம் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் வேண்டும். இதை நிறையப் பேர் பார்கோடு எண்ணோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது உணவுப் பாதுகாப்புத் துறை உங்களுக்குக் கொடுக்கும் எண், நீங்கள் எத்தனை வகை மிட்டாய் போட்டாலும் அது ஒன்றுதான். பார்கோடு எண் பொருளுக்குப் பொருள் மாறும். அதைக் கேட்பது அரசாங்கம் அல்ல, கடைக்காரரின் பில்லிங் கம்ப்யூட்டர்.

அந்த 13 இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் எண் வாங்கினால் 890 என்று ஆரம்பிக்கும். அடுத்து உங்கள் நிறுவனத்துக்கான இலக்கங்கள், அதற்கடுத்து நீங்களே பொருளுக்குப் போட்டுக்கொள்ளும் இலக்கங்கள், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். 890-க்கு அப்புறம் 7 இலக்கம் நிறுவனத்துக்குப் போனால் பொருளுக்கு 2 இலக்கம் மிச்சம், அதாவது 00 முதல் 99 வரை 100 பொருள். நிறுவனத்துக்கு 6 இலக்கம் என்றால் 1000 பொருள்.

விலை அதில் இல்லை. எடையும் இல்லை, தேதியும் இல்லை. "கோட்டுக்குள்ள எல்லாம் இருக்கு" என்பது சும்மா பேச்சு. அது வெறும் பெயர். அந்தப் பெயருக்கு என்ன விலை என்பது கடைக்காரரின் தரவுத்தளத்தில் இருக்கிறது. நம்மூர் உதாரணமே சொல்லலாம். 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை 1 ரூபாயில் இருந்து 2 ரூபாய் ஆனது. கோடுகளுக்குள்ளே விலை இருந்திருந்தால் அன்றைக்கு ஒவ்வொரு கோட்டையும் மாற்றி வரைந்திருக்க வேண்டும். (விதிப்புத்தகப்படி பார்த்தால், பாக்கெட்டில் அச்சிட்ட விலை மாறினாலே புது எண் போடணும். நடைமுறையில் இங்கே பலர் போடுவதில்லை. அதனால்தான் பில் போடும் பிள்ளை ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு எம்.ஆர்.பி. வந்து நிற்க, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.)

890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்பதும் தப்பு. எண் கொடுத்தது இந்திய அமைப்பு, அவ்வளவுதான். கோவில்பட்டி மிட்டாய்க்கு வேறு நாட்டு எண் ஒட்டலாம், வேறு நாட்டு மிட்டாய்க்கு 890 ஒட்டலாம். எந்த ஊர்ச் சரக்கு என்பதைச் சொல்ல வேறு ஏற்பாடு இருக்கிறது. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு அந்த வேலையைச் செய்கிறது. அதில் ஊர் உண்டு, ஸ்கேன் செய்ய எண் கிடையாது. இதில் எண் உண்டு, ஊர் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கடைசி இலக்கம். 890123456789 என்று ஒரு எண்ணை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை 3-ஆல் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் சரிபார்ப்பு இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. முழு எண் 8901234567890. இப்போது 7-ஐ 1 என்று தப்பாக அடித்துவிட்டீர்கள் என்றால் கூட்டுத்தொகை 112 ஆகிவிடும், கடைசியில் 8 வரணும், ஆனால் 0 இருக்கிறது. மெஷின் ஏற்காது. ஒற்றை இலக்கத் தப்பு எதுவாக இருந்தாலும் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் 5 என்றால் மட்டும் ஏமாந்துபோகும். 16 என்பது 61 ஆனால் தெரியாது.

இதே கணக்கை மணியாச்சி ஜங்ஷனில் நிற்கும் சரக்கு வேகன்களிலும் பார்க்கலாம். ஒவ்வொரு வேகனிலும் 11 இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு செய்த வருடம், அப்புறம் நாலு இலக்க வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு. இரட்டைப்படை இடங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்கு, ஒற்றைப்படையைச் சேர், பத்தின் மடங்குக்குக் குறைவதை எழுது. மிட்டாய் பாக்கெட்டுக்கும் வேகனுக்கும் ஒரே சூத்திரம். தூத்துக்குடி ரயிலுக்குக் காத்திருக்கும்போது போட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

ரயிலுக்கும் பார்கோடுக்கும் இன்னொரு உறவும் உண்டு. உட்லண்ட், சில்வர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1952-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தாலும், பெரிய அளவில் கோடுகளை ஒட்டிப் பார்த்தது கடையில் அல்ல, 1967 முதல் அமெரிக்க ரயில் வேகன்களில். வண்ணப் பட்டைகள். புழுதியும் அழுக்கும் படிந்து படிக்க முடியாமல் 70-களின் கடைசிக்குள் கைவிட்டார்கள். கடையில் முதல் ஸ்கேன் 1974 ஜூன் 26-ல், ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில். பொருள், ரிக்லி சூயிங்கம். ஆக, இந்தக் கதை ஆரம்பித்ததே ஒரு மிட்டாய்க்கடைச் சரக்கில்தான்.

சரி, ஐநூறு ரூபாய் விஷயம். எண்ணை முறையாகக் கொடுப்பது ஜிஎஸ்1 இந்தியா. உலகம் முழுக்க உள்ள ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை, டெல்லியில் இருக்கிறது. ஆன்லைனிலேயே பதியலாம். நிறுவன ஆவணங்களும் விற்றுமுதல் விவரமும் கேட்பார்கள். விற்றுமுதலையும் எத்தனை எண் வேண்டும் என்பதையும் பொறுத்துக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரு முறை கட்டி முடிகிற விஷயம் இல்லை, புதுப்பிக்க வேண்டும். எண் உங்களுக்குச் சொந்தமாவதில்லை, குத்தகைதான். சின்னப் பட்டறைக்கு இது லேசான தொகை இல்லை என்பது உண்மை. அந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

அவர்களிடம் இருக்கும் எண்களில் ஒரு வகைக்கு நிஜமாகவே வரலாறு உண்டு. அமெரிக்காவில் பழைய காலத்தில் ஒரே தடவை பணம் கட்டி எண் வாங்கிய நிறுவனங்களிடம் பிற்பாடு வருடாந்திரக் கட்டணம் கேட்டபோது, அவை வழக்குப் போட்டன. 2002-ல் சமரசம் ஆனது. அந்தப் பழைய எண்களைத்தான் துண்டு போட்டு விற்கிறார்கள். எண் போலி இல்லை, ஸ்கேனும் ஆகும். ஆனால் ஜிஎஸ்1-இன் பதிவேட்டில் தட்டிப் பார்த்தால் யாரோ ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பெயர் வரும். அமேசான் மாதிரி இடங்கள் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன, பெயர் ஒத்துவராவிட்டால் பட்டியலில் ஏற்றாமல் நிறுத்திவிடலாம். இரண்டாவது வகை இன்னும் மோசம். எக்ஸல் ஷீட்டில் 890 போட்டுத் தானே கணக்குப் பண்ணி விற்பது. சரிபார்ப்புச் சூத்திரம் மேலேயே சொல்லிவிட்டேன், அரை மணி நேரத்தில் ஆயிரம் எண் செய்துவிடலாம். அந்த எண் வேறு யாருடைய சோப்புக்கோ கொடுக்கப்பட்டதாக இருந்தால், மதுரைக் கடையில் உங்கள் மிட்டாய் சோப்பு விலைக்குப் பில் ஆகும். அதற்கு மேல் அந்தக் கடையில் உங்கள் சரக்கு ஏறுமா?

மதினிக்கு நான் சொன்னது: அந்த ஐநூறு ரூபாயைக் கொடுக்காதீங்க, ஆனா அவசரப்பட்டு ஜிஎஸ்1-லயும் கட்டாதீங்க. முதலில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. 20 முதல் 29 வரை ஆரம்பிக்கும் எண்கள் கடைகளின் உள்உபயோகத்துக்கு என்றே ஒதுக்கியவை. எடை போட்டு ஒட்டுகிற காய்கறி ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 2-ல் ஆரம்பிக்கும். ஒரு கடை, இரண்டு கடை என்றால் அவர்களே தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாம். நாலு ஊருக்குச் சரக்கு போகும் என்று தெரிந்த பிறகு எண் வாங்குவது நல்லது. ஆன்லைனில் மட்டும் விற்பவர்களுக்கு அமேசானில் எண் இல்லாமல் விற்க விலக்குக் கேட்கவும் வழி இருக்கிறது. ஒன்றிய அரசின் சிறுதொழில் அமைச்சகம் இந்தக் கட்டணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும் வைத்திருக்கிறது. உத்யம் பதிவு வேண்டும், பணத்தை முதலில் நீங்கள் கட்டணும், பிறகு ரசீதோடு அலையணும். கட்டுவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் இந்த வருடம் என்ன நிலவரம் என்று விசாரித்துவிடுவது உத்தமம்.

எண் வாங்கியபின் ஒவ்வொரு வகைக்கும், ஒவ்வொரு எடைக்கும் தனி எண். 100 கிராம் கடலைமிட்டாய் ஒன்று, 200 கிராம் இன்னொன்று, எள்ளுமிட்டாய் வேறு. 6 வகை, 3 எடை என்றால் 18 எண் போய்விடும். அட்டைப்பெட்டிக்கு 14 இலக்கத்தில் தனியாக ஒன்று.

அச்சில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம்மூர் மிட்டாய்க் கவர் எப்படி இருக்கும்? கண்ணாடி மாதிரி பாலிதீன், அதில் சிவப்பு எழுத்து. அதே சிவப்பில் பார்கோடும் அடித்துவிட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளி அடிப்பவை. சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத்தாளும் ஒன்றுதான், கோடே தெரியாது. பின்னால் வெள்ளைப் பட்டை போட்டு, மேலே கறுப்பிலோ கருநீலத்திலோ அடிக்கணும். முழு அளவு என்றால் இரு பக்கமும் விடவேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்து சுமார் 37 மி.மீ. அகலம், 26 மி.மீ. உயரம். 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். இடம் பத்தவில்லை என்று டிசைன் பண்ணுகிறவர் அந்த வெற்றிடத்தில் கை வைப்பார், விடாதீர்கள். கவரின் மடிப்பிலும் சீல் அடிக்கும் ஓரத்திலும் கோடு வரக்கூடாது. ஆரம்பத்திலேயே கவரில் அடிக்காமல், சிவகாசியில் ஸ்டிக்கராக அடித்து 2 மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சிலிண்டருக்குப் பணம் போடலாம்.

டிசைனரிடம் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் காலியாக விடச் சொல்லுங்கள். 2027 முடிவுக்குள் கடை ஸ்கேனர்கள் க்யூஆர் மாதிரியான சதுரக் குறியையும் படிக்க வேண்டும் என்பது ஜிஎஸ்1 வைத்திருக்கும் இலக்கு. அதில் இதே எண்ணோடு பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் ஏற்றலாம். இப்போது வாங்கும் எண்ணே அதற்கும் செல்லும்.